இரவில் நித்திரை இல்லை, பகலில் தூங்கி விழுகிறார்: பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு பாடம்



"அப்பா முந்தி இப்படி இல்லை. இப்ப பகல் முழுக்கக் கதிரையில இருந்து தூங்கி விழுகிறார். இரவில காலால உதைக்கிறார், கத்துகிறார். பக்கத்துக் கட்டில்காரர் முறைப்பாடு சொல்லுகிறார்."

வால்தம்ஸ்டோவில் எங்கள் ஆலோசனை மேசைக்கு வருபவர்களிடம் இப்படியான கதைகளைக் கேட்டிருக்கிறோம். இதற்கு வீட்டார் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். வயது போய்விட்டது என்பார்கள். சண்டைக்குள் பட்ட பாடு என்பார்கள். வேலை செய்ய அனுமதி இல்லாமல் சும்மா இருப்பதால் வந்த சோம்பல் என்பார்கள். இவை சில நேரம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் கை நடுங்குகிற, நடை சுருங்கிப்போன, எழுத்துச் சிறுத்துப்போன ஒருவருக்கு இப்படி நடந்தால், நாலாவதாக ஒரு காரணத்தையும் பார்க்க வேண்டும். அது பார்க்கின்சன் நோய்.

இந்த நோய் என்றவுடன் எல்லோருக்கும் ஞாபகம் வருவது கை நடுக்கம். ஆனால் நோயாளியையும் வீட்டையும் அதிகம் வாட்டுவது பல நேரங்களில் நித்திரைக் குழப்பம்தான். நாங்கள் அதை வைத்தியரிடம் சொல்வதில்லை. "நித்திரை வராததுக்கெல்லாம் டொக்டரிட்டப் போறதா?" என்று இருந்துவிடுகிறோம். சொல்லாமல் விட்டால் கட்டிலால் விழுந்து எலும்பு முறியலாம், கார் ஓட்டும்போது கண் மூடலாம். தஞ்ச விண்ணப்ப நேர்காணலில் தூங்கி விழுந்தால் அதைப் பிழையாக விளங்கிக்கொள்ளவும் கூடும். ஆகவே இந்தப் பாடத்தைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

1. இது என்ன நோய்?

எங்கள் மூளையின் நடுப்பகுதியில் டோப்பமின் என்ற ஒரு பொருளைச் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. உடம்பின் அசைவுகள் இலகுவாக நடக்க அது தேவை. பார்க்கின்சன் நோயில் அந்தக் கலங்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அதனால் நடுக்கம், தசை இறுக்கம், அசைவு மந்தம் என்பன வருகின்றன. முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போகும், குரல் தாழும். பெரும்பாலும் 60 வயதை அண்டி அல்லது அதற்குப் பிறகு வரும். ஆனால் 50 வயதுக்கு முன்பே வருபவர்களும் இருக்கிறார்கள். இது தொற்று நோய் அல்ல. ஒரே அறையில் இருப்பதாலோ, ஒரே கோப்பையில் சாப்பிடுவதாலோ மற்றவருக்கு வராது.

இந்த நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்து எழுதியவர் எங்களுக்கு ஒரு வகையில் அயலவர். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற அந்த வைத்தியர் 1755 இல் பிறந்து 1824 இல் இறந்தவர். வால்தம்ஸ்டோவிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள ஹொக்ஸ்ரன் பகுதியில் வாழ்ந்து வைத்தியம் பார்த்தார். 1817 இல் அவர் எழுதிய சிறு நூலில் ஆறு நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டு அவதானித்தவர். நடுக்கத்தை மட்டும் எழுதிவிட்டு அவர் நிற்கவில்லை. நோய் முற்றும்போது இரவு நித்திரை குழம்புவதையும், கடைசிக் கட்டத்தில் எந்நேரமும் தூக்கமாகவே இருப்பதையும் அன்றைக்கே குறித்து வைத்தார். ஆகவே நித்திரைக் குழப்பம் நோயாளி தானாக வரவழைத்துக்கொண்ட குணம் அல்ல. 200 வருடங்களுக்கு முன்பே எழுதப்பட்ட நோயின் குறி அது.

2. இரவில் ஏன் நித்திரை முறிகிறது?

காரணம் ஒன்றல்ல, பல. எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

உடம்பு இறுகுதல். பகலில் மூன்று நாலு தரம் குளிசை எடுப்பவருக்கு இரவில் நீண்ட இடைவெளி வந்துவிடும். விடியப்புறம் மருந்தின் வேகம் இறங்கிவிடும். அப்போது கட்டிலில் பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது. கால்விரல்கள் சுருண்டு வலிக்கும். இப்படியானால் இரவுக்கு மெதுவாகக் கரையும் குளிசை தரலாமா, நேரத்தை மாற்றலாமா என்று வைத்தியர் பார்ப்பார்.

அடிக்கடி சலம் போக எழும்புதல். இந்த நோயில் இது சாதாரணம். ஆனால் சலரோகம், சலத்தில் கிருமி, ஆண்களுக்குப் புரஸ்டேற் வீக்கம் ஆகியவற்றாலும் இப்படி நடக்கும். பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

கால் அமைதி இல்லாமல் இருத்தல். படுத்தவுடன் கால்களுக்குள் ஏதோ ஊருவது போல இருக்கும். அசைத்தால் அல்லது எழும்பி நடந்தால்தான் சுகம். இரும்புச்சத்துக் குறைவாலும் இது வரும். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

குறட்டையும் மூச்சுத் தடையும். பலத்த குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, பிறகு திடுக்கிட்டு இழுப்பவர்களைக் கவனியுங்கள். இரவு முழுக்கப் படுத்தும் அவர்களுக்கு நித்திரை நிறையாது. பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி. அவரையும் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மருந்து. செலெஜிலின், அமன்ரடின் போன்ற சில மருந்துகள் சிலருக்கு நித்திரையைக் குழப்பும். அவற்றைப் பின்னேரத்தில் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். நேரத்தை மாற்றுவதற்கு வைத்தியரிடமோ மருந்துக்கடைப் பார்மசிஸ்ரிடமோ கேளுங்கள்.

மனம். ஊர் யோசனை, வழக்கு யோசனை, பிரிந்திருக்கும் பிள்ளைகளின் யோசனை. இவை எங்கள் எல்லோருக்கும் உண்டு. பார்க்கின்சன் நோயும் தன் பங்குக்கு மனச்சோர்வையும் பதற்றத்தையும் கொண்டுவரும். இரண்டும் சேர்ந்தால் பாரம் கூடும். இதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். இதற்கும் வைத்தியம் உண்டு.

3. கனவில் அடிப்பதும் கத்துவதும்: எல்லாம் சண்டையின் பாதிப்பா?

இந்தப் பகுதியை எங்கள் சனம் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

நாங்கள் கனவு காணும்போது மூளை எங்கள் கை கால் தசைகளுக்கு ஒரு பூட்டுப் போட்டுவிடும். அதனால்தான் கனவில் ஓடினாலும் கட்டிலில் அசையாமல் கிடக்கிறோம். சிலருக்கு அந்தப் பூட்டுத் தளர்ந்துவிடும். கனவில் யாரோ தாக்க வந்தால் அவர்கள் உண்மையாகவே கையை ஓங்குவார்கள், உதைப்பார்கள், கத்துவார்கள், கட்டிலால் பாய்வார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் ஷெங்க், மஹோவால்ட் என்ற வைத்தியர்கள் 1986 இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இப்படி இருந்த 50 வயதுக்கு மேற்பட்ட 29 ஆண்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 11 பேருக்குப் பிறகு பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்ததை 1996 இல் எழுதினார்கள். அதாவது கை நடுங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இந்தக் கனவுக் குழப்பம் தொடங்கலாம்.

இப்போது எங்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். முள்ளிவாய்க்காலையும் தடுப்பு முகாமையும் கண்டு வந்த ஒருவர் இரவில் கத்தினால், "பாவம், பழசை நினைச்சுக் கத்துறார்" என்றுதான் சொல்வோம். சிலர் பேய் பார்வை என்று நூல் கட்டுவார்கள். வைத்தியரும் நீங்கள் பட்ட துன்பத்தைக் கேட்டவுடன் அந்தக் காரணத்தோடு நின்றுவிடக்கூடும். போர் நினைவால் வரும் பயங்கரக் கனவு உண்மையான நோய்தான், அதற்கும் சிகிச்சை வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

எப்படிக் கவனிப்பது? கனவுக் குழப்பம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில், விடியப்புறத்தை அண்டி வரும். கண் மூடியபடியே கை கால் ஆடும். தட்டி எழுப்பினால் கெதியாகத் தெளிவார், கனவையும் சொல்வார். நாய் கலைத்தது, கள்ளன் வந்தான் என்று, சண்டையோடு சம்பந்தமே இல்லாத கனவாகவும் அது இருக்கலாம். போர் நினைவால் வரும் கனவு பெரும்பாலும் நடந்த சம்பவத்தைச் சுற்றியே திரும்பத் திரும்ப வரும். விழித்த பிறகும் நெஞ்சுப் படபடப்பு அடங்காது, திரும்பப் படுக்கப் பயம் இருக்கும். பகலிலும் அந்த நினைவு வந்து வாட்டும்.

இந்த வித்தியாசத்தை வைத்து நீங்களாக முடிவு எடுக்க வேண்டாம். கண்டதை அப்படியே வைத்தியரிடம் சொல்லுங்கள். மணம் தெரியாமல் போனது, நீண்டநாள் மலச்சிக்கல், எழுத்துச் சிறுத்தது, நடக்கும்போது ஒரு கை வீசாதது ஆகியவை இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். இரவில் கத்தும் எல்லோருக்கும் பார்க்கின்சன் வரும் என்று பயப்படாதீர்கள். மனச்சோர்வுக்குத் தரும் சில மருந்துகளாலும் இந்தக் குழப்பம் வரலாம் அல்லது கூடலாம். என்ன குளிசை எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். அதற்காக அந்தக் குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

இதற்கு மருந்து உண்டு. மெலற்றோனின் அல்லது குளோனசெபாம் தருவது பற்றி வைத்தியர் யோசிப்பார். அதுவரை வீட்டில் கட்டிலை யன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். கூரான மேசை மூலைகளுக்குத் துணி சுற்றுங்கள். போத்தல், கத்தி, மின்விளக்கு போன்றவற்றைக் கட்டிலருகில் வைக்காதீர்கள். விழுபவராக இருந்தால் நிலத்தில் ஒரு மெத்தை போடுங்கள். மனைவி கொஞ்ச நாள் வேறு கட்டிலில் படுப்பது குடும்பச் சண்டை அல்ல. அது பாதுகாப்பு. கணவன் நித்திரையில் அடித்தால் அது அவர் மனம் அறிந்து செய்தது அல்ல என்பதையும் விளங்கிக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது அடித்தால் அது வேறு விடயம். அதற்கும் எங்களிடம் வரலாம், உங்கள் பெயர் வெளியே போகாது.

4. பகலில் ஏன் தூங்கி விழுகிறார்?

இரவு நித்திரை கெட்டால் பகலில் தூக்கம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரவு நன்றாகப் படுத்தும் பகலில் தூங்கி விழும் பார்க்கின்சன் நோயாளிகள் இருக்கிறார்கள். மூளையில் விழிப்பை நடத்தும் பகுதிகளையும் இந்த நோய் தொடுவதே காரணம்.

அடுத்த காரணம் மருந்து. ரொபினிரோல், பிரமிபெக்சோல், ரொற்றிகோற்றின் என்ற மருந்துகளின் பெயரை உங்கள் பெட்டியில் பாருங்கள். இவை தூக்கத்தைத் தரலாம். சிலருக்கு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், கதைத்துக்கொண்டிருக்கும்போதே நித்திரை வந்துவிடும். 1999 இல் அமெரிக்க வைத்தியர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். இவற்றில் முதல் இரண்டு மருந்துகளை எடுத்த எட்டு நோயாளிகள் கார் ஓட்டும்போது நித்திரையாகி விபத்துக்குள்ளானதை அதில் சொன்னார்கள். லெவோடோப்பா மருந்தும் சிலருக்குத் தூக்கம் தரும். சாப்பிட்ட பிறகு அல்லது எழும்பி நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குவதாலும் கண் சொருகும்.

இன்னொன்று நாங்களாகத் தேடிக்கொள்வது. நித்திரை வரவில்லை என்று ஊர்ப் பழக்கத்தில் பிரிற்றன் குளிசை போடுபவர்கள் உண்டு. அது அலர்ஜிக் குளிசை. வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மறுநாள் தூக்கத்தையும் கொண்டுவரும். பூனைக்காலி விதைத் தூளும் அப்படித்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அதில் இயற்கையாகவே லெவோடோப்பா இருக்கிறது. வைத்தியர் தந்த குளிசையோடு அதையும் எடுத்தால் அளவு கூடிவிடும். எடுப்பதென்றால் வைத்தியருக்குத் தெரிந்து எடுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தூக்கம் வருகிறது என்று பார்க்கின்சன் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு கடுமையாக இறுகி, காய்ச்சல் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசை முடிய முன்பே வைத்தியரிடம் போங்கள். வெறும் பெட்டியையும் எறியாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கார் ஓட்டுபவர்களுக்கு: பார்க்கின்சன் நோய் இருந்தால் சாரதி அனுமதிப் பத்திரம் வழங்கும் டீ.வீ.எல்.ஏ.க்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். அறிவிக்காவிட்டால் 1000 பவுண்ஸ் வரை தண்டம் வரலாம். அறிவித்தவுடன் அனுமதிப் பத்திரத்தைப் பறிப்பார்கள் என்று இல்லை. ஆனால் பகலில் தூங்கி விழுபவர், திடீர் நித்திரை வருபவர் ஓட்டவே கூடாது. தனியாக அடுப்பு மூட்டிச் சமைப்பதும் இவர்களுக்கு ஆபத்து.

5. வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

முதலில் உங்கள் உரிமை. இங்கிலாந்தில் யாரும் ஜீ.பி. வைத்தியரிடம் இலவசமாகப் பதியலாம். விசாவோ விலாச அத்தாட்சியோ இல்லை என்பதற்காக உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாது. அனுப்பினால் எங்களிடம் வாருங்கள். தஞ்ச விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரிச் சிகிச்சையும் இலவசம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்களில் சிலருக்கும் இலவசம் உண்டு, சிலருக்குக் கட்டணம் வரலாம். பயந்து போகாமல் விடுவதைவிட முதலில் எங்களைக் கேளுங்கள். ஹோம் ஒபிஸ் உதவிப் பணம் பெறுபவர்களுக்கு எச்.சீ.2 என்ற சான்றிதழ் வரும். அதைக் காட்டினால் மருந்துக்குக் காசு இல்லை. வராதவர்கள் எச்.சீ.1 படிவம் நிரப்பலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எப்படியும் மருந்து இலவசம்.

மொழிபெயர்ப்பாளரும் இலவசம். நேரம் பதியும்போதே, "ஐ நீட் எ தமிழ் இன்ரப்பிரிற்றர், பிளீஸ்" என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை மறித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அப்பா சலம் போவதையும் அம்மாவை உதைப்பதையும் பிள்ளை மொழிபெயர்ப்பது சரியில்லை. தகப்பனும் பிள்ளைக்கு முன் உண்மையைச் சொல்ல மாட்டார்.

பார்க்கின்சன் என்று ஜீ.பி. சந்தேகித்தால் மருந்து தொடங்காமலே நிபுணரிடம் விரைவாக அனுப்ப வேண்டும் என்று 2017 இல் வெளியான இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டி சொல்கிறது. நோயாளிகளைப் பார்க்கப் பார்க்கின்சன் நோய்க்கென்றே பயிற்சி பெற்ற தாதிமாரும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் எனக்குக் கிடைப்பாரா என்று கேளுங்கள்.

இனி வீட்டுப்பாடம். ஊரில் படிப்பித்த பழக்கம் எனக்கு விடவில்லை, குறை நினைக்க வேண்டாம். ஒரு கொப்பி வாங்கி இரண்டு கிழமைக்கு ஒவ்வொரு நாளும் இவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள்:

- எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்
- இடையில் எத்தனை தரம் விழித்தீர்கள், எதனால்
- இரவில் கத்தினாரா, உதைத்தாரா, விழுந்தாரா (பக்கத்தில் படுப்பவர் சொல்லட்டும்)
- ஒவ்வொரு குளிசையும் எடுத்த மணி
- பகலில் எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருக்கும்போது தூங்கினீர்கள்
- தேத்தண்ணி, கோப்பி, மதுபானம் எத்தனை மணிக்கு

வைத்தியருக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம். "நித்திரை வாறேல்ல" என்ற ஒரு சொல்லை வைத்து அவர் ஒன்றும் செய்ய ஏலாது. "விடியப்புறம் 3 மணிக்கு உடம்பு இறுகி விழிக்கிறேன், மத்தியானக் குளிசை எடுத்து ஒரு மணித்தியாலத்தில் தூங்கி விழுகிறேன்" என்றால் அவருக்கு வழி தெரியும். எப்வேர்த் அளவுகோல் என்ற எட்டுக் கேள்விகளையும் அவர் கேட்கக்கூடும். 1991 இல் அவுஸ்திரேலியாவில் உருவாக்கப்பட்டது அது. இருந்து வாசிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது தூங்கிவிடுவீர்களா என்ற மாதிரியான கேள்விகள். மொத்தம் 24 புள்ளிகள். 10க்கு மேல் வந்தால் பகல் தூக்கம் அளவுக்கு மிஞ்சியது என்று கொள்வார்கள். இது பள்ளிக்கூடச் சோதனை அல்ல. கூடப் புள்ளி வந்தால் வெட்கம் இல்லை, உள்ளதைச் சொல்லுங்கள்.

6. வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம் பகல். லண்டனில் யூன் மாதம் காலை 5 மணிக்கு முன்பே விடிந்து இரவு 9 மணிக்குப் பிறகுதான் இருளும். டிசெம்பரில் பின்னேரம் 4 மணிக்கே இருட்டு. புதிதாக வந்த உடம்புக்கு இது பெரிய குழப்பம். காலையில் யன்னல் சீலையைத் திறந்து விடுங்கள். முடிந்தால் லோயிட் பார்க் வரையோ, சந்தைத் தெரு வழியாகவோ பகல் வெளிச்சத்தில் ஒரு நடை போய் வாருங்கள். இவற்றுக்குக் காசு இல்லை. தனியாகப் போகாமல் துணையோடு போங்கள். கோடையில் இரவு யன்னலைத் தடித்த துணியால் மூடுங்கள்.

பகல் நித்திரை. தேவையானால் படுக்கலாம். பின்னேரம் 3 மணிக்கு முன், அரை மணித்தியாலத்துக்குள், மணிக்கூடு வைத்துப் படுங்கள்.

சாப்பாடும் குடிப்பும். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பியைக் குறையுங்கள். தண்ணீரைப் பகலில் போதிய அளவு குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்பு குறையுங்கள். லெவோடோப்பா குளிசையை மீன், இறைச்சி, முட்டை, பருப்புச் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் சிலருக்கு வேலை செய்வது குறையும். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு எடுக்கலாமா என்று கேளுங்கள்.

கட்டில். இடுப்புப் படும் இடத்தில் வழுக்கலான துணி ஒன்றை விரித்தால் பக்கம் திரும்புவது இலகு. உடுப்பும் வழுக்கல், விரிப்பும் வழுக்கல் என்றால் கட்டிலால் வழுக்கி விழலாம். இரண்டில் ஒன்று போதும். மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு சின்ன லைற் எரியட்டும், சப்பாத்துப் பைகள் கிடக்க வேண்டாம். எழும்பும்போது கட்டில் ஓரத்தில் கொஞ்சம் இருந்து பிறகு எழும்புங்கள்.

7. நேர்காணலும் தங்குமிடமும்

முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் மெலிந்திருக்கும், பதில் சொல்ல நேரம் எடுக்கும், இடையில் கண் மூடும். இது பார்க்கின்சன் நோயாளியின் தோற்றம். இந்த நோயைத் தெரியாத அதிகாரி ஒருவர் இதைப் பார்த்தால் அக்கறை இல்லை என்றோ, உண்மையை மறைக்கிறார் என்றோ நினைக்கக்கூடும். தூக்கக் கலக்கத்தில் விளங்காத கேள்விக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டால் பிறகு அதைத் திருத்துவது கஷ்டம். நீங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த கதை ஒரு கண்ணயர்வில் கெட்டுப்போகக் கூடாது.

ஆகவே நேர்காணல் திகதிக்கு முன்பே வைத்தியரிடம் ஒரு கடிதம் எடுத்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். கடிதத்தில் நோயின் பெயர், குளிசை எடுக்கும் நேரங்கள், பகல் தூக்கம், குரலும் முகமும் எப்படி இருக்கும் என்பன இருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருக்கும் வேளையில் நேர்காணல் வைக்கும்படியும், இடைவேளைகள் தரும்படியும் சட்டத்தரணி எழுத்தில் கேட்கலாம். அன்றைக்குக் குளிசையையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள், நேரத்துக்கு எடுங்கள். தூக்கம் வந்தால் வாய்விட்டுச் சொல்லி இடைவேளை கேளுங்கள். அதைப் பதிவில் எழுதும்படியும் சொல்லுங்கள். முடிந்த பிறகு நேர்காணல் பிரதியை வாங்கி, சட்டத்தரணியோடு இருந்து வாசித்து, பிழை இருந்தால் தாமதிக்காமல் திருத்தம் அனுப்புங்கள்.

தங்குமிடத்தில் வேறொருவரோடு அறையைப் பகிர்பவர் இரவில் கத்தினால் இருவருக்கும் நித்திரை இல்லை. கோபப்பட்டுப் பயனில்லை. வைத்தியர் கடிதத்தோடு தனி அறை, கீழ்த்தட்டு அறை, மலசலகூடத்துக்குக் கிட்டவான அறை என்று கேட்கலாம். ஹோம் ஒபிஸ் தங்குமிடத்தில் இருப்பவர்கள் மைக்கிரன்ற் ஹெல்ப் நிறுவனத்துக்கு 0808 8010 503 என்ற இலவச இலக்கத்தில் அறிவியுங்கள். கேட்டவுடன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் கடிதம் இல்லாமல் கேட்பதற்கும் கடிதத்தோடு கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

8. எப்போது காத்திருக்கக் கூடாது?

வழமையாக இருப்பவர் திடீரென்று ஓரிரு நாளில் மிகுந்த தூக்கமும் குழப்பமுமாக மாறினால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். காய்ச்சல், சலம் எரிவு, இருமல் இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கே ஜீ.பி.யை அல்லது 111 இலக்கத்தை அழையுங்கள். எழுப்பினாலும் எழும்பாவிட்டால், மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டால், விழுந்து தலையில் பலமாக அடிபட்டால், காய்ச்சலோடு உடம்பு கட்டை போல் இறுகினால் 999. அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்கு யாருக்கும் கட்டணம் இல்லை. சாவதே மேல் என்ற யோசனை வந்தாலும் தனியாக இருக்காதீர்கள். 111 ஐ அழைத்து மனநல உதவியைக் கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 999 ஐ அழையுங்கள்.

பார்க்கின்சன்ஸ் யூ.கே. என்ற தொண்டு நிறுவனத்தின் இலவச உதவி இலக்கம் 0808 800 0303. நோய் பற்றிய கேள்விகளை அங்கே கேட்கலாம்.

பாடத்தின் சுருக்கம்

- பார்க்கின்சன் நோயில் இரவு நித்திரை கெடுவதும் பகலில் தூங்கி விழுவதும் நோயாலும் மருந்தாலும் வருபவை. அவரைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள்.
- இரவில் கத்தி உதைப்பதெல்லாம் சண்டையின் பாதிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். வைத்தியரிடம் சொல்லுங்கள்.
- குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள்.
- தூங்கி விழுபவர் கார் ஓட்டக்கூடாது.
- இரண்டு கிழமைக் கொப்பி எழுதுங்கள்.
- நேர்காணலுக்கு முன் வைத்தியரின் கடிதம் எடுங்கள்.

கொப்பியை எழுதி முடித்தவர்கள் அதை எங்கள் ஆலோசனை நாளில் கொண்டுவாருங்கள். வைத்தியருக்குக் கொடுக்க அதை ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதித் தருவோம். அதற்குக் காசு இல்லை. வீட்டில் வயதானவர் நடந்து வர ஏலாதென்றால் பிள்ளைகள் வந்து கேட்டாலும் போதும்.